நான்காவது வரிசை

பனி விலகாத மலையூர் அது. மூன்று சபைகளுக்கும் கல்லறைத் தோட்டம் ஒன்றுதான், கத்தோலிக்கருக்கு, சி.எஸ்.ஐ.க்கு, பெந்தெகோஸ்தேக்கு என்று தனித்தனி வரிசை. குழி வெட்டுபவள் மட்டும் லூர்தாயி ஒருத்தி.

ஒரு காலையில், தோட்டத்து வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் குளிரில் விறைத்து இறந்து கிடந்தார். சட்டைப்பையில் சின்ன மரச்சிலுவை இருந்தது.

"எந்தச் சபைன்னு தெரியாம இங்க இடமில்ல," என்றார் கல்லறைக் கமிட்டித் தலைவர் ஞானாபரணம்.

"நரி இழுத்துட்டுப் போயிடும், ஐயா," என்றாள் லூர்தாயி.

"அப்போ அவனையே கேட்டுச் சொல்லுடி. இல்லேன்னா நாளையிலேர்ந்து மண்வெட்டியைத் தொடாத."

கூட்டம் சிரித்தது. லூர்தாயி மண்டியிட்டாள். விறைத்த கையைப் பிடித்துக்கொண்டு, நீலம் பாரித்த உதட்டில் காதை வைத்தாள். வெகுநேரம் எடுக்கவேயில்லை. சிரிப்பு தானாக அடங்கியது.

"எ... என்ன சொல்றான்?" என்றார் தலைவர்.

"நேத்து ராத்திரி உங்க கதவைத்தான் தட்டினாராம். உடனே உள்ள விளக்கை அணைச்சிட்டாங்களாம்."

அவள் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள். விரல் முட்டிகளில் பச்சை பெயிண்ட். தலைவர் வீட்டுக் கதவுக்கு நேற்று மாலைதான் பச்சை அடித்திருந்தது.

யாரும் தலைவரைப் பார்க்கவில்லை. லூர்தாயி நான்காவதாக ஒரு வரிசை தொடங்கிக் குழி வெட்டினாள். பாதிரியாரும் இரண்டு போதகர்களும் சேர்ந்து ஜெபித்தார்கள். மூன்று சபையாரும் மண் போட்டார்கள்.

எல்லோரும் போனபின் தலைவர் மெல்ல அவளிடம் வந்தார்.

"கதவைத் தட்டினது பெயிண்டைப் பார்த்துத் தெரிஞ்சுது, சரி. விளக்கை அணைச்சது உனக்கு எப்படித் தெரியும்?"

லூர்தாயி மண்வெட்டியைத் துடைத்தாள்.

"நீங்கதானே ஐயா கேட்கச் சொன்னீங்க?"