வலைக்குக் கண் வந்த கதை

அந்தக் காலத்தில் மீனும் பேசும், மனுஷனும் பேசுவான். ஒருத்தர் சொல்வதை இன்னொருத்தர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான்.

அப்போது வலையில் ஓட்டையே கிடையாது. வேட்டி மாதிரி நெருக்கி நெய்வார்கள். அப்படி நெய்வதில் சடையனை மிஞ்ச அந்தக் கரையில் ஆள் இல்லை. "என் வலையில தண்ணி மட்டுந்தான் தப்பிக்கும்" என்பான். உண்மைதான்.

சடையன் கெட்டவன் இல்லை. காற்றுக் காலத்தில் மூன்று மாதம் கடலில் இறங்க முடியாது. அந்த மூன்று மாதமும் வெறும் கிழங்கைத் தின்று வளர்ந்தவன். அந்தப் பயத்திலேயே கிடைத்ததையெல்லாம் வாரி இழுத்தான். தின்றது போக மிச்சத்தைக் காயவைத்தான். காயவைத்தது போக மிச்சத்தைத் தென்னை மரத்துக்கு உரமாகப் போட்டான். ஊரே அதைத்தான் செய்தது.

மீன் குறைந்தது. ஒரு நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாக. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் சடையன் மகள் செவந்திக்குப் பெண் பிள்ளை பிறந்தது. நாலு நாளாகியும் பால் சரியாக இறங்கவில்லை. பிள்ளை பசியில் கத்தியது. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவை அவித்து, உதிர்த்து, புட்டு செய்து கொடுத்தால் பால் ஊறும் என்பது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். பால்சுறாதான் இல்லை.

ஐந்தாம் நாள் காலையில் சடையன் மறுபடி வலையைப் போட்டுக் கரைக்கு இழுத்தான். முழங்கால் தண்ணீருக்கு வந்ததும் வலையின் பின்பக்கப் பையைப் பார்த்தான். அதை மடி என்பார்கள். மடி நிறைய நகம் அளவு மத்திக் குஞ்சுகள். நடுவில் ஒரே ஒரு பெரிய மத்தி.

"ஏன் சடையா, உன் வலைக்குக் கண்ணில்லையா? பச்சப் புள்ளைங்கன்னு தெரியலையா?" என்றது மத்தி.

"வலைக்கு ஏது கண்ணு? வாய்தான் இருக்கு."

"அது உன்னைப் பார்த்தாலே தெரியுது."

"உங்கிட்டப் பேச எனக்கு நேரமில்ல. எம் மகளுக்குப் பால் இல்ல. சுறா வேணும். எங்க போச்சு சுறா?"

"சுறா இங்க எதைத் திங்க வரும்? அது திங்கிறது எங்களை. எங்களைத்தான் நீ குஞ்சோட வாரித் தென்னைக்குப் போட்டுட்டியே."

சடையன் கரையிலிருந்த தென்னைகளைத் திரும்பிப் பார்த்தான். பிறகு, "இன்னைக்கு இதையாவது கொதிக்கவெச்சுக் கொடுக்கறேன்" என்று மடியைத் தூக்கப் போனான்.

"கொஞ்சம் இருப்பா."

செவந்தி பிள்ளையை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கி வந்தாள். மடிக்குள் எட்டிப் பார்த்தாள். குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின. கையில் இருந்த பிள்ளையும் அதையேதான் செய்துகொண்டிருந்தது.

"இதுங்களும் பாலுக்குத்தான் இப்படிச் செய்யுதா?"

"நாங்க பால் குடிக்கிறவங்க இல்லம்மா" என்றது மத்தி. "பசி அதேதான்."

செவந்தி இரண்டு விரலைச் சேர்த்து வலைத் துணிக்குள் குத்தினாள். ஊறியிருந்த நூல் விலகியது. பக்கத்தில் இன்னொரு குத்து. இன்னொன்று. குஞ்சுகள் அந்த வழியாகக் கொட்டிப் போயின.

"அடிப்பாவி, மாசக்கணக்கா நெய்தது!"

"கண்ணில்லையான்னு கேட்டுச்சு இல்ல. வெச்சுட்டேன்."

பெரிய மத்தியும் ஒரு ஓட்டையில் தலையை விட்டது. தலை போனது, உடம்பு போகவில்லை. முன்னும் பின்னும் அசைந்து பார்த்தது. பிறகு சிரித்துவிட்டது.

"நல்லாத்தான் பாக்குது உன் கண்ணு. நான் மூணு தரம் முட்டை போட்டவ, உன் சட்டிக்கே போறேன். அந்தக் குஞ்சுங்க ஒரு தரமாவது போடட்டும்."

அன்று செவந்தி அந்த ஒரே மீனைத்தான் தின்றாள். பால் ஊறிவிடவில்லை. பக்கத்து வீட்டு மாரி தன் பிள்ளைக்கு ஒரு பக்கமும் செவந்தி பிள்ளைக்கு ஒரு பக்கமுமாகக் கொடுத்துக் காப்பாற்றினாள். சடையன் திட்டிக்கொண்டே அதே ஓட்டை வலையைப் போட்டு இழுத்தான். கொஞ்சம்தான் கிடைத்தது. கிழங்கு தின்றார்கள். ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். அப்புறம் அவர்களுக்கும் ஒன்றும் கிடைக்காமல் போனதும் வலையில் விரலை விட்டுக் குத்திக்கொண்டார்கள்.

சுறா திரும்பி வருவதற்குள் செவந்தியின் மகள் ஓடவே ஆரம்பித்துவிட்டாள். அப்போது மாரிக்கு இரண்டாவது பிள்ளை பிறந்திருந்தது. முதல் சுறாவைச் சடையன் தானே தூக்கிக்கொண்டு போய் மாரி வீட்டு வாசலில் வைத்தான்.

அன்று முதல்தான் வலையின் ஓட்டைக்குக் கண் என்று பேர், அதை விரலால் அளந்து பார்க்கும் வழக்கமும் வந்தது. விரல் நுழையாமல் நெய்கிறவர்கள் இன்றைக்கும் அதைக் கண் என்றுதான் சொல்கிறார்கள், பார்வைதான் இல்லை.