ஒரு வறட்சியாவது

"காடு என்னை ஏமாத்திருச்சு, தாயே."

மடத்து வாசலில் நின்று இப்படிச் சொன்னவர் பொன்னரங்கம். வயது அறுபத்திரண்டு. மலைமேல் சோலைக்காட்டுக்குள் ஓர் இரும்புக் கோபுரம் நிறுத்தி, காடு எவ்வளவு கரியமிலவாயுவை உள்ளே வாங்குகிறது, எவ்வளவை வெளியே விடுகிறது என்று அளந்தவர்.

மடத்தின் குரு நாச்சியார் அவரைவிட இருபது வயது இளையவர். கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"உக்காருங்க, ஐயா. எத்தனை வருஷம் அளந்தீங்க?"

"அஞ்சு வருஷம்."

"அஞ்சும் எப்படி?"

"நல்ல மழை."

நாச்சியார் அடுத்த கட்டுக் கீரையை எடுத்தார்.

அந்த ஐந்து வருஷமும் பொன்னரங்கம் இங்கே வந்து தீட்சை கேட்டவர்தான். ஒவ்வொரு முறையும் "இன்னும் நேரம் வரலை" என்றே பதில் வந்தது. அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. சுனை வற்றிய ஒரு கோடையையாவது இங்கே தவித்துக் கழிக்காதவருக்குத் தீட்சை கிடையாது. காரணத்தைச் சீடரே கேட்டால்தான் குரு சொல்லலாம்.

பொன்னரங்கம் கேட்கவில்லை. வயது அறுபதைத் தொட்டாலும் அவர் ரோஷத்துக்கு இருபதுதான். கோபித்துக்கொண்டு மலையிறங்கிவிட்டார்.

இறங்கிய கையோடு, அந்த ஐந்து வருஷக் கணக்கை வைத்து ஓர் அறிக்கை எழுதினார். அடிவாரத்தில் எத்தனை சூளை எரிந்தாலும் அந்தப் புகையை இந்தக் காடு விழுங்கிவிடும் என்று அதில் இருந்தது. ஊர் அவர் கையெழுத்தை நம்பியது. ஆறு செங்கல் சூளைகள் வந்தன.

அதற்கு மறுவருஷம் பசிபிக் கடல் சூடேறியது. சில வருஷங்களுக்கு ஒருமுறை அது தானாகவே அப்படிச் சூடேறும். அதனால் இங்கே மழை பொய்த்தது.

"கோபுரத்துக் கருவியில முள்ளு அப்படியே திரும்பிருச்சு, தாயே. வாங்கிட்டிருந்த காடு வெளிய விட ஆரம்பிச்சிருச்சு. மரமெல்லாம் பட்டுப்போச்சு. சதுப்புல காலகாலமாப் படிஞ்ச கறுப்பு மண்ணு காஞ்சு, அதுவே பத்திக்கிச்சு. அஞ்சு வருஷம் வாங்கினதை ஒரே கோடையில விட்டிருச்சு."

"கடல் ஆறிரும். மழை வரும். காடு மறுபடி வாங்கும்."

"வாங்கும். ஆனா சூளை மழை வருஷமும் எரியும், வறட்சி வருஷமும் எரியும். என் கையெழுத்துல எரியுது, தாயே."

"ஊருல போய்ச் சொன்னீங்களா?"

"சொன்னேன். நீங்கதானே எழுதிக் குடுத்தீங்கன்னு கேக்கறாங்க. பாதி ஊரு இப்ப அங்கதான் வேலை பாக்குது."



நாச்சியார் கீரையைக் கீழே வைத்தார்.

"காடா ஏமாத்துச்சு?"

பொன்னரங்கம் தரையைப் பார்த்தார். நிமிரவே இல்லை.

"இல்ல. நான் அதை மழையில மட்டும்தான் பாத்தேன்."

பிறகு அவரே கேட்டார்.

"அதனாலதான் தீட்சை குடுக்கலையா?"

"ஆமா."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, தாயே."

நாச்சியாரின் விரல்கள் வெறும் முறத்தைத் துழாவிக்கொண்டிருந்தன.

"சொல்லியிருக்கலாம். நீங்களா கேக்கட்டும்னு காத்திருந்தேன். வழக்கம்தான் பெருசுன்னு நெனச்சேன். தப்புப் பண்ணிட்டேன், ஐயா."

ஒரு குரு தன் சீடரிடம் இப்படிச் சொன்னது அந்த மடத்தில் அதற்குமுன் நடந்ததில்லை. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் கஷ்டமாக இருந்தது.

நாச்சியார் எழுந்து உள்ளே போனார். அன்று காலையிலிருந்து சுனையில் ஊறியது மொத்தம் இரண்டு குடம். மடத்துக்கே அன்றைக்கு அவ்வளவுதான் தண்ணீர். இரண்டையும் தூக்கிவந்து ஒன்றை அவர் கையில் கொடுத்தார்.

"இது தீட்சையா, தாயே?"

"தண்ணி. சதுப்பு உள்ளுக்குள்ள இன்னும் புகையுது. வாங்க."

பொன்னரங்கம் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டார். தூரத்தில் புகை தெரிந்தது. அது மலையின் ஒரு பக்கம் முழுக்கப் பரவியிருந்தது.

"ரெண்டு குடம் போதுமா?"

"போதாது" என்றார் நாச்சியார், முன்னால் நடந்தபடி.