பதினொரு பாகத்தில் ஒரு பதில்

குரு ஒருவர் இருந்தார். தூத்துக்குடியில், பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். பெயர் ஜெபக்கனி. முப்பத்தாறு வயதுப் பெண்.

அவருக்கு ஒரு சீடர். பெயர் குற்றாலிங்கம். கல்லூரியில் முப்பது வருஷம் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். குருவைவிட இருபத்தாறு வயது மூத்தவர். அவர் "குருவே" என்று கூப்பிடுவார். குரு "சொல்லுங்க அண்ணாச்சி" என்பார். இவர்களில் யார் யாருக்கு என்ன முறை என்று தெரியாமல் கடைக்கு வருகிறவர்கள் முழிப்பார்கள்.

கடையில் லேமினேஷன் மெஷினுக்குக் கீழே ஒரு பழைய கணினி இரவும் பகலும் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் 'உப்பளம்' இருந்தது. உப்பளம் என்பது ஒரு சமூக வலைத்தளம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் அதில் எழுதினார்கள். பெரிய கம்பெனிகள் நடத்தும் தளங்களுக்கு ஒரே முதலாளி, ஒரே கதவு. இது அப்படி இல்லை. இதே மாதிரி ஊருக்கு ஊர் யார் யாரோ சின்னச் சின்னதாகத் தளம் வைத்திருந்தார்கள். ஒன்றில் இருப்பவர் இன்னொன்றில் இருப்பவரோடு தாராளமாகப் பேசலாம். மின்சாரம் போய் பேட்டரியும் தீர்ந்துவிட்டால் மட்டும் உப்பளத்துக்காரர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஊமையாகிவிடுவார்கள்.

புதிதாக வருகிறவர்களுக்குச் சந்தேகம் வரும். அதற்குப் பதில் சொல்லும் வேலையைச் சீடர் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே அவர் பெயர் 'பேராசிரியர்'. நிஜப் பெயர் குருவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

பதினாலு பாடங்கள் எழுதினார். படம் போட்டு விளக்கினார். அதற்கு அடிக்குறிப்பு போட்டார். அடிக்குறிப்புக்கும் ஒரு விளக்கம் போட்டார். புதியவர்கள் வந்தார்கள், படித்தார்கள், ஓடினார்கள்.

ஒரு நாள் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர், உப்பளத்தில் சேரச் சொல்லிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு, "இது என்னது சார்?" என்று வாயைக் கொடுத்தார். பேராசிரியர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டார். ஐந்தாவது பாடத்தில் அந்த மனிதர் போன் வருகிற மாதிரி பாவனை செய்துகொண்டே வெளியேறிவிட்டார். அட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டார். இரண்டு நாள் கழித்து வந்து, பேராசிரியர் உள்ளே இல்லை என்று எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் கடைக்குள் காலை வைத்தார்.

குருவின் வழி வேறு. அதே மனிதர் அன்றைக்குத் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"இதுல ஊருக்கு ஊரு இருக்குங்காங்க. நான் எதுலம்மா சேரணும்?"

"டீ எங்க குடிக்கீங்க?"

"மூலைக் கடையில."

"அங்க ஏன்?"

"பக்கத்துல இருக்கு. அதான்."

"அப்ப இதுலயே சேருங்க. டீ நல்லா இல்லன்னா வேற கடைக்கு மாறிக்கலாம்."

அவர் சேர்ந்துவிட்டார். பேராசிரியருக்கு இது தெரிந்தபோது கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் முத்துப்பேச்சி வந்தார். மலையடிவாரக் கிராமம் ஒன்றில் சுகாதார செவிலியர். குவார்ட்டர்ஸில் தனி வாசம். பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. அன்றன்றைக்குக் கண்ணில் பட்டதை நாலு வரி எழுதுவார். அவர் சேர்ந்திருந்தது உப்பளத்தில் இல்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் நடத்தும் 'மலைச்சாரல்' என்ற தளத்தில். ஆனால் பதில் சொல்ல ஒரு பேராசிரியர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கிருந்தே கேட்டார்.

"சார், நான் எழுதுறது யாருக்காவது தெரியுதா?"

பேராசிரியர் பதினொரு பாகத்தில் பதில் எழுதினார். ஒரு சர்வரில் எழுதியது இன்னொரு சர்வருக்கு எப்படிப் போகிறது, எப்போது போகும், எப்போது போகாது, எல்லாம் அதில் இருந்தது. முத்துப்பேச்சி நன்றி சொன்னார். மறுநாள் மறுபடியும் கேட்டார்.

"சார், நான் எழுதுறது யாருக்காவது தெரியுதா?"

பேராசிரியர் அதே பதினொரு பாகத்தை மறுபடியும் அனுப்பினார். மூன்றாம் நாளும் அதே கேள்வி வந்தது. பேராசிரியருக்குப் பொறுமை போய்விட்டது. உப்பளத்திலேயே குருவுக்குத் தனிக்கடிதம் எழுதினார்.

"இந்த முத்துப்பேச்சி அம்மாவுக்கு மண்டையில் ஏறவே ஏறாது. கல்லோடு பேசலாம்."

அவருடைய நாலாம் பாடம் என்ன சொல்கிறது என்றால், ஒருவரைக் குறிப்பிடும்போது வெறும் பெயரை எழுதக் கூடாது; பெயர், அவர் இருக்கும் தளம் என்று முகவரியை முழுசாக எழுத வேண்டும். பேராசிரியர் தன் பாடத்தைத் தானே மீறுகிற ஆள் இல்லை. கடிதத்தில் முத்துப்பேச்சியின் பெயரோடு மலைச்சாரலையும் சேர்த்து முழுசாகவே எழுதியிருந்தார். அங்கே என்ன ஏற்பாடு என்றால், தனிக்கடிதத்தில் யாருடைய முழு முகவரியை எழுதினாலும் கடிதம் அவருக்கும் ஒரு பிரதி போய்விடும்.

பத்து நிமிஷத்தில் முத்துப்பேச்சியிடமிருந்து பதில் வந்தது.

"சரி சார். மன்னிச்சுக்கோங்க. இனிமே கேக்கல."

அதற்குப் பிறகு நாலு வரி வருவதும் நின்றுவிட்டது.

மறுநாள் கடை திறக்கும்போதே பேராசிரியர் வாசலில் நின்றார். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

"குருவே, அத அழிச்சிட்டேன். நம்ம பக்கம் சுத்தமா அழிஞ்சாச்சு. ஆனா அந்தம்மா இருக்கிறது வேற தளம்லா? அங்கயும் போயிருக்குமா?"

குரு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

"என்ன எழுதுனீங்களோ அத இதுல எழுதுங்க."

எழுதினார். குரு தாளை மெஷினில் வைத்து ஒரு நகல் எடுத்தார். அசலை அவர் கையில் கொடுத்தார்.

"கிழிங்க."

பேராசிரியர் கிழித்தார். குரு நகலைத் தூக்கிப் பிடித்து உரக்கப் படித்தார்.

"'மண்டையில் ஏறவே ஏறாது. கல்லோடு பேசலாம்.' எழுத்து நல்லா விழுந்திருக்குல்லா?"

வில்லங்கச் சான்று நகலெடுக்க நின்றுகொண்டிருந்த பத்திர எழுத்தர் திரும்பினார்.

"யாரச் சொல்லுதீங்க? என்னையா?"

"உங்கள இல்ல," என்றார் குரு.

பேராசிரியர் ஸ்டூலில் உட்கார்ந்தார். தப்பு செய்துவிட்டோம் என்பது அவருக்கு நன்றாகவே தெரிந்தது. அதற்கு அவரிடம் பாடம் எதுவும் இல்லை.

"நான் என்ன செய்யணும் குருவே?"

"மலைச்சாரல்ல போய்ப் புதுசா ஒரு கணக்கு ஆரம்பிங்க."

"எதுக்கு?"

"ஆரம்பிச்சு எழுதுங்க."

"என்ன பேருல?"

"உங்க பேருலதான். அங்க யாருக்குத் தெரியப் போகுது?"

இந்தக் கடைசி வாக்கியம் பேராசிரியரைக் கொஞ்சம் குத்தியது. ஆனாலும் போய்ச் சேர்ந்தார்.

முதல் நாள், "வணக்கம். நான் குற்றாலிங்கம், தூத்துக்குடி" என்று எழுதினார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வணக்கத்துக்குப் பின்னால் ஆச்சரியக்குறி போட்டு இன்னொரு தடவை எழுதினார். அதற்கும் ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டாம் நாள் சராசரி பற்றி ஒரு நகைச்சுவை எழுதினார். புள்ளியியல் நகைச்சுவைக்கு யாரும் சிரிக்காதது அவருக்குப் புதுசு இல்லை. முப்பது வருஷம் வகுப்பில் அதுதான் நடந்தது. ஆனால் வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை என்பதாவது கண்ணுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் குருவுக்குப் போன் போட்டார்.

"அந்த சர்வர்ல ஏதும் கோளாறா?"

"ஒண்ணும் இல்லையே."

"நல்லா விசாரிச்சீங்களா?"

"அண்ணாச்சி, கடையில ஆளு நிக்காங்க," என்று குரு போனை வைத்துவிட்டார்.

நாலாம் நாள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு போனை எடுத்தார். ஒன்றும் வந்திருக்கவில்லை. என்ன எழுதுகிறோம் என்று யோசிக்காமலே தட்டிவிட்டார்.

"நான் எழுதுறது யாருக்காவது தெரியுதா?"

அனுப்பிய பிறகுதான் அதைப் படித்தார். முத்துப்பேச்சி மூன்று நாள் கேட்ட அதே கேள்வி.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். பதில் வந்தது. முத்துப்பேச்சி எழுதியிருந்தார்.

"தெரியுது சார்."

அதற்குக் கீழே இன்னொன்றும் வந்தது.

"சராசரி ஜோக்கு எனக்குப் புரியல. ஆனா ரெண்டு தடவ படிச்சேன். புதுசா வந்தா கொஞ்ச நாளைக்கு ஆளே இல்லாத வீட்டுல பேசுற மாதிரிதான் இருக்கும். சாப்டீங்களா?"

"சாப்பிட்டேன்" என்று எழுதினார் பேராசிரியர். நாலு நாளில் அவரிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் பழைய வாத்தியார் புத்தி தலைகாட்டிவிட்டது. "சர்வர் என்றால் என்னம்மா?" என்று கேட்டுவைத்தார்.

"அதெல்லாம் எனக்கு ஏறாது சார். நல்லாப் படிச்ச ஒருத்தரே சொல்லிட்டாரு. நான் இந்த மாசத்தோட கணக்க மூடிடலாம்னு இருக்கேன். நீங்க இருங்க. போகப் போக நல்ல ஆளுங்க வருவாங்க."

பேராசிரியர் போனைக் கவிழ்த்து வைத்தார். வெட்கமாக இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் கடைக்கு வந்தபோது கையில் மூன்று தாள் இருந்தது. மன்னிப்புக் கடிதம். மொத்தம் ஒன்பது பத்தி. தனிக்கடிதம் எந்தக் காரணத்தால் மூன்றாம் ஆளுக்கும் போகிறது என்பதே அதில் நாலு பத்தி.

"அந்தப் படிச்ச ஆளு நான்தான்னு அவங்ககிட்ட சொல்லிரட்டுமா குருவே?"

"சொல்லாம எத்தன நாளு 'சாப்டேன் சாப்டேன்'னுட்டு இருப்பீங்க?"

குரு தாள்களை வாங்கிப் படித்தார். பாஸ்போர்ட் போட்டோ வெட்டும் கத்தரியை எடுத்தார். முதல் தாளைக் குப்பைக் கூடையில் போட்டார். இரண்டாவதையும் போட்டார். மூன்றாவது தாளின் அடியில் ஒரு விரல் அகலத்துக்கு நறுக்கி எடுத்து அவரிடம் கொடுத்தார். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"அந்த வார்த்தையை எழுதியது நான். தப்பு என்னுடையது. நீங்கள் போய்விடாதீர்கள்."

பேராசிரியர் குப்பைக் கூடையை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு அந்த வரியை மட்டும் அனுப்பினார்.

அன்றைக்குப் பதில் இல்லை. அடுத்த நாளும் இல்லை. பேராசிரியர் கடையிலேயே கிடந்தார். வந்தவர்களுக்கு ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தார். ஆதார்க்காரர் வந்தார், இவரைப் பார்த்துப் பதறினார், இவர் ஒன்றும் பேசாததைக் கண்டு, "சாருக்கு மேலுக்கு முடியலையா?" என்று குருவிடம் விசாரித்தார்.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்குப் பதில் வந்தது. பேராசிரியர் சத்தமாகப் படித்தார்.

"சார், தடுப்பூசி முகாமுக்கு மலை மேல போயிட்டோம். அங்க சிக்னல் கிடையாது. இப்பதான் பாத்தேன். அன்னைக்கு அழுதேன். கோவமும் இருந்துச்சு. இப்பவும் கொஞ்சம் இருக்கு. கணக்க மூடுறத அடுத்த மாசம் பாத்துக்கலாம்னு வச்சிருக்கேன். ஒரு சந்தேகம் சார். முகாம்ல ஒரு படம் எடுத்தேன். அதப் போடப் போனா கீழ ஒரு பெட்டி வந்து 'விவரிக்கவும்'னு நிக்குது. அதுல என்ன எழுதணும்?"

பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்வை இல்லாதவர்களுக்கான பெட்டி அது. படத்தைப் பற்றி அதில் எழுதினால், அவர்களுடைய போன் அதை வாசித்துக் காட்டும். பேராசிரியரின் பதிமூன்றாம் பாடம் முழுக்க அதுதான். விரல்கள் தாமாகவே ஓடின. "பாகம் ஒன்று" என்று தட்டினார்.

நிறுத்தினார். அழித்தார். திரும்பத் தட்டினார். அதையும் அழித்தார்.

"குருவே, இதுக்கு எப்படிப் பதில் சொல்ல?"

குரு மெஷினில் தாள் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன படமாம்?"

"அது தெரியாது. அவங்க கேட்டது அந்தப் பெட்டியப் பத்தி."

"என்ன படம்னு கேளுங்க."

"சந்தேகம் கேட்டது அவங்க. நானும் திருப்பிக் கேள்வி கேட்டா எப்படி?"

குரு மெஷின் மூடியைச் சாத்தினார்.

"'படத்துல என்னம்மா இருக்கு?'ன்னு கேளுங்க அண்ணாச்சி. அவங்க சொல்லுவாங்கல்லா, அதத்தான் அந்தப் பெட்டில எழுதணும்."