மூக்கன் ஓட்டிய ஜீப்

பட்டாள ஜீப் தேடிக் கம்பத்துக்கு வருகிறவர்கள் காதர் ராவுத்தரின் பட்டறைக்குத்தான் வருவார்கள். சிலர் வாங்க வருவார்கள், சிலர் விற்க வருவார்கள். பானட்டின் மேல் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போவதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. பாடம் கேட்க வந்தவர் அருளப்பன் ஒருவர்தான்.

அருளப்பன் ஏலக்காய் எஸ்டேட்டில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடருக்குப் பதினைந்து வயது அதிகம். குரு சீடரை "அண்ணே" என்பார். சீடர் குருவை "ராவுத்தரே" என்பார். புதிதாக வருகிறவர்கள் இதில் யார் குரு என்று தெரியாமல் கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

வந்த அன்றே ராவுத்தர் கேட்டார்.

"ரிட்டயர் ஆனா பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுவாங்க. நீங்க ஏண்ணே ஜீப்புக்கு அடியில படுக்கணுங்கிறீங்க?"

"ஒருத்தருக்கு நன்றி சொல்லணும், ராவுத்தரே."

"சொல்லிட்டு வாங்க. அதுக்கு ஜீப்பு எதுக்கு?"

"அவர் செத்துட்டாரு. ஜீப்பு எங்கயோ இருக்கு."

ராவுத்தர் ஒரு சாக்கை விரித்துப் போட்டார். அருளப்பன் அதில் படுத்து, சரிந்து, முதல் ஜீப்பின் அடியில் போனார்.

நன்றிக்குரியவர் பெயர் மூக்கன். எஸ்டேட் ஜீப் டிரைவர். பட்டாளம் கழித்து ஏலத்தில் விட்ட ஜீப் ஒன்றை வைத்திருந்தார். ஒரு மழைக்காலத்தில் மண் சரிந்து மலைப்பாதை மூடிக்கொண்டது. அன்று பார்த்து அருளப்பனின் மனைவி லூர்துக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது. கீழே போடி ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடையாது. யாரும் கேட்காமலே மூக்கன் ஜீப்பைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். பெண்கள் லூர்தைப் பின்பக்கம் ஏற்றினார்கள். அருளப்பன் முன்னால் ஏறி உட்கார்ந்தார். பட்டப்பகலிலேயே இருட்டிக்கொண்டு கொட்டிய மழையில், காட்டுத்தடம் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தலையை வெளியே நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தார். தலையை உள்ளே இழுக்கும்போதெல்லாம் ஸ்டியரிங் பிடித்திருந்த மூக்கனின் முன்கை கண்ணில் பட்டது. அதில் ஜீப்பின் அடிச்சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸிஸ் எண்ணைப் பச்சை குத்தியிருந்தார். மற்றவர்கள் பெண்டாட்டி பெயரைக் குத்திக்கொள்வார்கள். மூக்கனின் பெண்டாட்டிக்கு அதில் மனத்தாங்கல்தான்.

தாயும் பிழைத்தாள், மகளும் பிழைத்தாள். மகளுக்குச் செலின் என்று பெயர் வைத்தார்கள். அருளப்பன் வெளியே ஓடிவந்து பார்த்தபோது மூக்கன் இல்லை. மேலே இன்னும் யாராவது மாட்டியிருப்பார்கள் என்று திரும்பிப் போய்விட்டிருந்தார். அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று அருளப்பன் இருந்தார். அதற்குள் அவருக்கு வேறு எஸ்டேட்டுக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்ளலாம் என்றே வருஷங்கள் போய்விட்டன. மூக்கன் செத்துப்போனதும், ஜீப் கைமாறிக் கைமாறிக் காணாமல்போனதும் ஒரே நாளில்தான் அவருக்குத் தெரிந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கினாலும் மனசு ஆறவில்லை. நினைவில் மிச்சமிருந்தது பச்சை குத்திய எண்ணின் கடைசி நான்கு இலக்கம்தான். 4172.

ராவுத்தர் வாயால் பாடம் சொல்கிறவர் இல்லை.

"பட்டாளத் தகடு எது, உள்ளூர்த் தகடு எது, எப்படித் தெரியும்?" என்று அருளப்பன் கேட்டால், இரண்டு ஜீப்பையும் விரல் முட்டியால் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அருளப்பன் பொழுது சாயும்வரை தட்டிக்கொண்டிருப்பார்.

"போலி எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டதற்கு மட்டும் ஒரு பதில் கிடைத்தது.

"பொய் பளிச்சுன்னு இருக்கும்ணே."

இப்படியே அருளப்பன் தேறிவிட்டார். வெள்ளை நட்சத்திரம் வரைந்து, பச்சை பெயின்ட் பூசி, "பட்டாளத்துல இருந்து நேரா வந்த வண்டி" என்று கொண்டுவருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற அளவுக்குத் தேறினார்.

ஒருநாள் போடிமெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட் கொட்டகையில் பழைய ஜீப் ஒன்று நிற்பதாகத் தகவல் வந்தது. இருவரும் போனார்கள். மேலே நீலம், உரிந்த இடத்தில் மஞ்சள், அதற்கும் கீழே பச்சை. எஸ்டேட்காரர் கோழிகளை விரட்டிவிட்டு வழிவிட்டார். அருளப்பன் அடிச்சட்டத்தின் மேல் படிந்திருந்த மண்ணை டீசலில் நனைத்த துணியால் துடைத்தார். காய்ந்ததும் சாக்பீஸைப் படுக்கவைத்துத் தேய்த்தார். எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கடைசி நான்கும் தெரிந்ததும் அவர் அங்கேயே உட்கார்ந்து, கைக்குழந்தைபோல அழுதார். எஸ்டேட்காரர் பயந்துபோனார்.

"ஒண்ணுமில்லைங்க. விலையைப் பேசுவோம்" என்றார் ராவுத்தர்.

ஜீப் கம்பத்துக்கு வந்து சேர்ந்தது. அருளப்பனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

"ராவுத்தரே, பட்டாளத்துல இருந்து எப்படி வந்துச்சோ அப்படியே ஆக்கணும். அதுதான் மூக்கனுக்கு நான் செய்யிற மரியாதை. அசல் தவிர ஒரு ஆணி இருக்கக்கூடாது."

"எது அசல், எது இல்லன்னு நீங்களே குறிங்க. உங்களுக்குத்தான் தெரியுமே."

அருளப்பன் சாக்பீஸோடு வண்டியைச் சுற்றிவந்தார். அசல் இல்லாததன் மேலெல்லாம் பெருக்கல் குறி போட்டார். டீசல் எஞ்சின் மேல் ஒன்று, ரெக்ஸின் சீட்டின் மேல் ஒன்று, மேல்கூரைக் கம்பிகளில் வரிசையாகச் சில. பின்பக்கம் வந்ததும் முகத்தைச் சுளித்தார். வண்டியின் வாலில் அகலமான இரும்புத்தகடு ஒன்றைப் படிபோல ஒட்டவைத்திருந்தார்கள். கோணல்மாணலான வெல்டிங். அருளப்பன் அதன்மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய குறியாகப் போட்டார்.

"எந்த மடையன் வேலையோ. இதைத்தான் முதல்ல வெட்டணும்."

ராவுத்தர் தகடு வெட்டுகிற கிரைண்டரை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தார். பிளக்கை மட்டும் மாட்டவில்லை.

"வெட்டலாம்ணே. அதுக்கு முன்னாடி மதினியைக் கூட்டிட்டு வாங்க. ஒருதடவை ஏறி உக்காரட்டும்."

"எல்லாத்தையும் முடிச்சு, பெயின்ட் அடிச்சுக் காட்டலாம்னு இருந்தேனே."

"இப்பவே கூட்டிட்டு வாங்க."

லூர்து வந்தார். இப்போதெல்லாம் அவருக்கு முழங்கால் வலி. பட்டறை வாசலில் இருந்தே ஜீப்பைப் பார்த்துவிட்டார். நின்று, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அருளப்பன் முன்பக்கம் ஓடி, வா என்று கைகாட்டினார். லூர்து முன்பக்கம் போகவே இல்லை. நேரே பின்னால் போய், கீழே பார்க்காமலே காலைத் தூக்கி அந்தத் தகட்டில் வைத்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி இடதுபக்க மூலையில் உட்கார்ந்தார்.

"எல்லாம் மாறிப்போச்சு. இது மட்டும் அப்படியே இருக்கு" என்றார், தகட்டைக் காட்டி.

"இது அன்னிக்கே இருந்துச்சா?" என்றார் அருளப்பன்.

"நீங்க எப்பவும் முன்னாடிதானே உக்காருவீங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? வயித்துப்பிள்ளையோட டிஸ்பென்சரிக்குப் போகணும்னா என்னால இதுல ஏற முடியாது. அம்புட்டு உசரம். ரெண்டு பேர் தூக்கிவிடணும். வெக்கமா இருக்கும். மூக்கண்ணன் கண்ணாடியில பாத்துக்கிட்டே இருப்பாரு, ஒண்ணும் சொல்ல மாட்டாரு. அடுத்த வாரம் வண்டி வந்தப்ப இது இருந்துச்சு. அவரே பத்தவச்சது. அதனாலதான் இப்படிக் கோணலா இருக்கு."

லூர்து பிடித்திருந்த கம்பியைத் தடவிக்கொடுத்தார்.

"வலி எடுத்த அன்னிக்கும் இதுல மிதிச்சுத்தான் ஏறினேன். நல்லா இருக்கட்டும் அந்த மனுசன், மேல எங்க இருந்தாலும்."

அருளப்பன் தகட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். எத்தனையோ கால்கள் மிதித்து அதன் நடுப்பகுதி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. தேய்ந்த இடத்தின் மேல்தான் அவர் போட்ட குறி இருந்தது.

கிரைண்டர் இன்னும் கையில்தான் இருந்தது. அவர் தலையைத் தூக்கி ராவுத்தரைப் பார்த்தார்.

"ராவுத்தரே, இது அசல் இல்லையே. என்ன செய்யட்டும்?"

ராவுத்தர் பிளக்கின் அருகே போய் நின்றார்.

"நீங்க நன்றி சொல்ல வந்தது பட்டாளத்துக்குன்னா வெட்டிருங்கண்ணே. இந்தா, மாட்டித் தரேன்."