செருப்புச் சத்தம்

"எனக்குக் காவி எப்போ தருவீங்க சாமி?" என்று கேட்டார் ஆவுடைநாயகம்.

கேட்டவருக்கு வயது ஐம்பத்தைந்து. சாமிக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

மடத்துச் சமையல்கட்டை மேற்பார்வை பார்ப்பவர் நாயகம். வாயைத் திறந்து ஒருவரையும் திட்டியதில்லை என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயரில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

"வீட்டை விட்டவருக்குத்தான் காவி" என்றார் சாமி.

"விட்டாச்சே சாமி! எங்கப்பாவுக்குப் பயந்தே என் சின்ன வயசு பூரா போயிட்டு. தெருமுனையில அவரு செருப்புச் சத்தம் கேட்டா எங்கம்மா சிரிப்பை முழுங்கிருவா. நாங்க மூலைக்கு ஒருத்தரா ஒளிஞ்சுக்கிடுவோம். அவரை மாதிரி ஆயிரக்கூடாதுன்னே நான் கல்யாணம் பண்ணிக்கிடல. அவருகிட்டருந்து ஒரு துரும்புகூட எங்கிட்ட இல்ல."

சாமி வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார்.

"புதுசா?"

"போன மாசம் நானே சந்தையில வாங்கினது."

"அது அங்கயே கிடக்கட்டும். வெறுங்காலோட பின்வாசல் வழியாப் போயி, உக்கிராண அறையில கொஞ்சம் உப்பு எடுத்துட்டு வாரும்."

உப்புக்கும் காவிக்கும் என்ன சம்பந்தம் என்று முணுமுணுத்துக்கொண்டே நாயகம் போனார்.

மளிகைச் சாமான் அடுக்கிய உக்கிராண அறைக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே ஒரு ஓலைத்தட்டிதான். அந்தப் பக்கம் காய் நறுக்கும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். சொர்ணம் தன் சம்பந்தி வீட்டுக் கதையை அவிழ்த்துவிட்டிருந்தாள்.

நாயகம் கையில் உப்போடு நின்றுவிட்டார். இத்தனை வருஷத்தில் இங்கே ஒரு சிரிப்பை அவர் கேட்டதே இல்லை. இவர்களுக்குச் சிரிக்கக்கூடத் தெரியுமா? கேட்கக் கேட்க அவருக்கும் சிரிப்பு வந்தது.

அப்போது முற்றத்தில் செருப்புச் சத்தம். குதிகாலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கும் நடை. வாசலில் வந்து நின்று ஒரு கனைப்பு.

"ஏட்டி, வந்துட்டாரு!"

சிரிப்பு பட்டென்று நின்றது. ஒருத்தி வாயிலிருந்த வெல்லத்தை எடுத்து முந்தானைக்குள் ஒளித்தாள். அரிவாள்மணைச் சத்தம் மட்டும் கேட்டது.

நாயகத்தின் கையிலிருந்து உப்பு கொட்டியது. என்ன செய்கிறோம் என்று தெரியும் முன்பே அரிசி மூட்டைக்குப் பின்னால் குந்தியிருந்தார். செத்துப் பல வருஷமான அப்பா இங்கே எப்படி வந்தார்?

"ஐயோ, சாமி நீங்களா!" சொர்ணத்தின் குரல். "அந்த நடையையும் கனைப்பையும் கேட்டு நாயகம் அய்யான்னு நெனச்சு எங்களுக்கு உசுரே போயிட்டு."

நாயகத்தின் தலையில் இடி விழுந்தது.

சாமி தட்டியை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். குருவின் காலில் சீடனின் செருப்பு. மடத்தில் யாரும் கண்டிராத கூத்து அது.

மூட்டைக்கு முன்னால் நின்று செருப்பைக் கழற்றினார்.

"இது யாரு செருப்பு, ஓய்?"

நாயகம் மூட்டைக்குப் பின்னாலிருந்தபடியே செருப்பைப் பார்த்தார்.

"எங்கப்பாவோடது சாமி."