ஐம்பத்தெட்டில் நின்ற முள்

பொன்மலையில் அருமைநாயகம் என்றொருவர் இருந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். சோடாக் கடை ஒன்று கழித்துப் போட்ட சிறிய குளிர்பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மோட்டார் போய்விட்டது; கதவின் ரப்பர் மட்டும் கெட்டியாக இருந்தது. சாத்தினால் காற்று புகாது. அதற்குள் இரண்டு மரத்தட்டுகள் போட்டு இருபது சுருட்டுகளை அடுக்கினார். ஒரு கிண்ணத்தில் ஈரப் பஞ்சு வைத்தார். உள்சுவரில் ஈரத்தைக் காட்டும் முள் ஒன்றை மாட்டினார். முள் எழுபதை ஒட்டி நிற்கவேண்டும். இறங்கினால் சுருட்டு காய்ந்து வெடிக்கும். ஏறினால் பூஞ்சை பிடிக்கும்.

அவரோடு எஞ்சினில் கரி தள்ளிய லாசர் பதினோரு வருஷம் கழித்துப் பெங்களூரிலிருந்து வருவதாக எழுதியிருந்தார். அவருக்காகத்தான் இந்த ஏற்பாடு.

சித்திரையில் ஒருநாள் கதவு சரியாகச் சாத்தப்படாமல் மத்தியானம் முழுக்கக் கிடந்தது. அனல் உள்ளே வந்தது. கதவோரம் படுத்திருந்த சுருட்டு ஒன்றின் மேலிலை பட்டென்று வெடித்தது. அருமைநாயகம் அதை எடுத்துப் பார்த்தார், உச்சுக் கொட்டினார், ஜன்னல் வழியே எறிந்தார்.

மற்ற பத்தொன்பதும் அதைப் பார்த்தன.

“ஐம்பத்தெட்டு!” என்று முள் கத்தியது. “ஐம்பத்தெட்டுக்கு இறங்கிட்டேன்! அடுத்தது யாரோ!”

“தண்ணி, பஞ்சண்ணே, தண்ணி!” என்று சுருட்டுகள் கெஞ்சின.

பஞ்சுக்கு இளகிய மனசு. “என்கிட்ட இருக்கிறதெல்லாம் உங்களுக்குத்தான்” என்று பிழிந்து பிழிந்து கொடுத்தது. அருமைநாயகமும் முள்ளைப் பார்த்துப் பயந்துபோய் இன்னும் தண்ணீர் ஊற்றினார். மறுநாள் இரண்டாவது பஞ்சு வந்தது. அதற்கு மறுநாள் ஒரு டம்ளர் தண்ணீரையும் உள்ளே வைத்தார். ஒவ்வொரு தடவை கதவைத் திறந்தபோதும் வெளிக்காற்று புகுந்து முள் ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சுருட்டுகள் கூச்சலிட்டன.

நாலைந்து நாளில் முள் ஆடுவதை நிறுத்தியது. ஐம்பத்தெட்டிலேயே நின்றது. அதன் அச்சில் துரு ஏறியிருந்தது. அது முள்ளுக்கே தெரியாது.

“இன்னும் ஐம்பத்தெட்டுத்தான்” என்று அது காலையும் மாலையும் சொன்னது. “எவ்வளவு ஊத்தியும் ஏறமாட்டேங்குது.”

“எனக்கென்னவோ உடம்பெல்லாம் வேர்க்குது” என்றது குளிர்பெட்டி. “சுவர்ல தண்ணி வழியுது, பாருங்க.”

“அது நீ ஐஸ் வச்சிருந்த காலத்துப் பழக்கம்” என்றது முள். “நம்பர் சொல்றது நானா, நீயா?”

எல்லாச் சுருட்டுகளும் முள்ளின் பக்கம்தான் பேசின. குளிர்பெட்டி அதற்கப்புறம் வாய் திறக்கவில்லை.

கீழ்த்தட்டில், மூலையில் ஒரு ஒல்லிச் சுருட்டு இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு தடிச் சுருட்டு. இடம் குறைவென்பதால் இரண்டும் உரசிக்கொண்டே கிடந்தன. ஒருநாள் காலை, தடிச் சுருட்டின் முதுகில் ஒல்லி ஒரு வெள்ளைப் புள்ளியைக் கண்டது. கடுகில் பாதி இருக்கும். தடியால் தன் முதுகைப் பார்க்க முடியாது.

ஒல்லி யோசித்தது. சொல்லலாமா? ஈரம் அதிகம் என்று சொன்னால் பஞ்சை எடுத்துவிடுவார்கள். அப்புறம் எல்லோரும் வெடித்தால் பழி யார்மேல் விழும்? பூஞ்சை என்று சொன்னால், பக்கத்தில் கிடந்த தன்னையும் சேர்த்து ஜன்னல் வழியே எறிந்துவிட்டால்?

“என்னப்பா, என்னையே பார்க்கிறே?” என்றது தடி.

“ஒண்ணுமில்ல.”

“வறட்சியை நெனச்சுப் பயமா? எனக்கும்தான். கிட்ட வா, ஒட்டிக்கிட்டுப் படுத்துக்கலாம்.”

ஒல்லி விலகிப் படுக்கப் பார்த்தது. விலக இடமில்லை.

அடுத்த நாள் புள்ளி மிளகளவு ஆனது. அதற்கடுத்த நாள் மூன்று புள்ளிகள். “ஐம்பத்தெட்டு” என்றது முள். ஒல்லி கண்ணை மூடிக்கொண்டது. ஒரு வாரத்தில் தடியின் முதுகு முழுக்க வெள்ளை ரோமம் படர்ந்தது. தடியின் பேச்சு குழறியது. மேல்தட்டிலிருந்தும் முனகல்கள் கேட்டன. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

வைகாசியில் லாசர் வந்தார். கைகுலுக்கியதும் அருமைநாயகம் அவரைக் குளிர்பெட்டிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். கதவைத் திறந்தார். குப்பென்று புழுங்கிய நாற்றம் வந்தது.

“என்னங்க இது, பழஞ்சோறு மாதிரி நாறுது!” என்று மனைவி ரெஜினா மூக்கைப் பொத்தினார்.

“முள்ளு ஐம்பத்தெட்டுன்னுதானே காட்டுது?” என்றார் அருமைநாயகம்.

லாசர் முள்ளை விரலால் சுண்டினார். அது அசையவில்லை. “இது செத்து ரொம்ப நாளாச்சு மாப்ளே. சுவரைத் தொட்டுப் பார்த்திருக்கலாமே?”

இருவரும் சுருட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். மேலாக வெள்ளை தட்டியவற்றைத் துணியால் துடைத்து ஒரு பக்கம் வைத்தார்கள். உள்வரை போனவற்றைக் குப்பைக் கூடையில் போட்டார்கள். ஒல்லியின்மேல் பூஞ்சை அப்போதுதான் ஒட்டியிருந்தது. ஒரு துடைப்பில் போய்விட்டது.

தடிச் சுருட்டை லாசர் கையில் எடுத்தார். அது ஒல்லியைத் திரும்பிப் பார்த்தது.

“நீ எப்போ பார்த்தே?”

“ஒன்பது நாள் ஆச்சு.”

“அன்னிக்கு எவ்வளவு இருந்துச்சு?”

“கடுகில் பாதி.”

“துடைச்சா போயிருக்கும்” என்றது தடி.

“முள்ளு வேற மாதிரி சொல்லிச்சே…” என்று ஒல்லி ஆரம்பித்தது. அதற்குள் தடி குப்பைக் கூடைக்குள் விழுந்திருந்தது; ஒல்லியின் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது.