ஈசல் சிறகின் அடியில் ஒரு கோடு

அந்தக் காலத்தில், எறும்பும் ஓணானும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்த நாளில், கறையான்கள் எல்லாவற்றுக்கும் சிறகு இருந்தது. இன்றைக்கு மாதிரி மழை விட்டதும் ஒரு கூட்டம் மட்டும் கிளம்பிப் பறக்குமே, அப்படி இல்லை. மண் சுமக்கிறவள், காவல் நிற்கிறவன், அரசி, சபையில் உட்கார்ந்து தலையாட்டுகிற பெரியவர்கள், எல்லாருக்கும் ஆயுசுக்கும் சிறகு. முட்டையும் குஞ்சும்தான் சிறகில்லாமல் கிடந்தன.

அவர்களுடைய நாடு ஒரு கண்மாய்க் கரையில், பனைமரங்களுக்கு நடுவில் இருந்தது. நாடு என்று பேர்தான் பெரிது, வீடு என்று அங்கே ஒன்றுகூடக் கிடையாது. காய்ந்த ஓலைக்கு அடியில் சில பேர், மக்கிய கட்டைக்குள் சில பேர் என்று ஒண்டியிருந்தார்கள். வெயில் ஏறினால் நிழல் தேடிப் பறப்பார்கள். மேகம் கூடினால் மேடு தேடிப் பறப்பார்கள். எங்கே வேண்டுமானாலும் போய்விடலாம் என்கிறவனுக்கு வீட்டு நினைப்பு எங்கிருந்து வரும்?

ஐப்பசியில் கண்மாய் நிறைந்து கரைமேல் தண்ணீர் ஏறும். பெரியவர்கள் முன்கூட்டியே பறந்து போய்ப் பனங்குருத்துக்குள் பதுங்கிக்கொள்வார்கள். தண்ணீர் வடிந்த பிறகு இறங்கி வந்து பார்த்தால் முட்டையும் இருக்காது, குஞ்சும் இருக்காது. அழுவார்கள். நிஜமாகவே அழுவார்கள், அதில் குறை சொல்ல முடியாது. சபை கூடி இரங்கல் தெரிவிக்கும். அப்புறம் மறுபடி முட்டை வைப்பார்கள். அதைத் தலையெழுத்து என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அரசாங்கம் பார்க்க வேண்டிய காரியம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

முகிலி என்பவள் அரசியான வருஷமும் தண்ணீர் வந்தது. அவளும் மற்றவர்களோடு பறந்துதான் போனாள். திரும்பி வந்தபோது, அவள் வைத்த முட்டைகள் நீர்மேல் வெள்ளையாக மிதந்துகொண்டிருந்தன. அவள் தண்ணீர் வடியும்வரை அங்கேயே நின்றாள். பிறகு சபையைக் கூட்டினாள்.

"ஒரே ஒரு வீடு கட்டணும். தண்ணி ஏறாத உசரத்துக்கு, மண்ணால. வாய்நீரு விட்டுப் பிசைஞ்சு அடுக்கினா மண்ணு கல்லா இறுகிரும். மேல எவ்வளவு உசரமோ கீழயும் அவ்வளவு ஆழம் தோண்டணும், ஈரமண்ணு தட்டுற வரைக்கும். கோடையில உள்ளே குளுகுளுன்னு இருக்கும். முட்டையும் குஞ்சும் உள்ளே இருக்கட்டும். இனிமே நம்ம நாடு அதுதான்."

சபை சிறகடித்து வரவேற்றது. இவ்வளவு நல்ல யோசனையைத் தாங்கள் கேட்டதே இல்லை என்று ஒவ்வொருவரும் எழுந்து சொன்னார்கள். அப்போது நெடுஞ்சிறகர் எழுந்தார். சபையில் மூத்தவர் அவர்தான். அவரைப்போல உயரம் பறந்தவர் அந்த நாட்டில் இல்லை.

"தாயி, சட்டம் நல்ல சட்டம். எல்லாரும் நின்னு வேலை பாக்கணும், சரி. ஆனா அவசரம் ஆத்திரம்னு வந்தா பறந்துக்கலாம்னு ஒரு வரி சேத்துருங்க. சனங்களுக்கும் ஒரு தைரியம் வேணும்ல?"

எல்லாரும் ஒரே மனதாக ஒத்துக்கொள்கிறார்களே என்ற சந்தோஷத்தில் முகிலி அந்த வரியைச் சேர்த்தாள்.

மறுநாள் பார்த்தால் ஊரே அவசரத்தில் இருந்தது. ஒருத்திக்குத் தங்கை வீட்டில் விசேஷம். ஒருவருக்கு இடுப்பு வலி, பறந்தால்தான் சரியாகுமாம். இன்னொருவருக்குக் காற்று அன்றைக்கு நல்ல திசையில் அடித்தது, அதைவிட என்ன அவசரம் வேண்டும்? வைத்த மண் காய்வதற்குள் அடுத்த பூச்சு வைத்தால்தான் சுவர் பிடிக்கும். வைக்க ஆள் இல்லை. சுவர் வெடித்து உதிர்ந்தது. ஏன் உதிர்ந்தது என்று ஆராய ஒரு குழு போட்டார்கள். குழுவும் பறந்துவிட்டது.

ஆடி போய் ஆவணி வந்தது. முகிலி தளபதி கடுவாயனைக் கூப்பிட்டாள். கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கொடுக்குகள் அவன் வாயில் இருந்தன. பனை நாரையே துண்டாக்கிவிடும்.

"சிறகு இருக்கிற வரைக்கும் ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. வெட்டிரு."

"யாருக்கு தாயி?"

"எல்லாருக்கும்."

ஆணை எல்லாருக்கும்தான். ஆனால் கடுவாயன் கூப்பிட்டதும் வந்து நின்றவர்கள் யார்? கட்டுமானத்துக்குத் தினம் வந்துகொண்டிருந்தவர்கள்தான். மண் சுமந்த சனம் வாயில் இருந்த உருண்டையைக் கீழே வைத்துவிட்டு, அரசி எதற்கோ கூப்பிடுகிறாள் என்று வரிசையில் வந்து நின்றது. அவர்கள் சிறகு முதலில் விழுந்தது. சத்தம் கேட்ட பெரியவர்கள் அந்த நிமிஷமே பனை உச்சிக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து பார்க்க எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

சுவர் கொஞ்ச நாள் ஏறியது. ஆளுயரப் பாம்பு நிமிர்ந்த மாதிரி ஒரு பாதிக் கோபுரம் நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை. ஒருநாள் முகிலி வந்து பார்த்தபோது மண்சுமப்பவர்கள் எல்லாரும் சுவரடியில் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மண்ணம்மை என்பவள் மட்டும் எழுந்து நின்றாள். அவள் முதுகில் வெட்டிய இடம் இன்னும் ஆறவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள் அரசி.

"கேக்குறேன்னு கோவிச்சுக்கக் கூடாது தாயி. வேலைக்கு வந்தவங்க சிறகைத்தான் வெட்டியிருக்கீங்க. வராதவங்க மேல உக்காந்து வேடிக்கை பாக்குறாங்க. நாளைக்கு வெள்ளம் வரும். இந்தச் சுவரு நின்னா எல்லாரும் இறங்கி வந்து குடியிருப்பீங்க. நிக்கலைன்னா நீங்களும் பறந்துருவீங்க. சாகப்போறது நாங்களும் எங்க புள்ளைகளும்தான்."

முகிலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளுடைய சிறகுகள் முதுகில் மடிந்து வெயிலில் பளபளவென்று கிடந்தன. அந்த நாட்டிலேயே அழகான சிறகுகள் அவை. எல்லார் கண்ணும் அவற்றின்மேல் இருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். வெட்கத்தில் அவற்றை இன்னும் ஒடுக்கி மடித்துக்கொண்டாள்.

அந்த வேளையில் கிழக்கே காற்று மாறியது. மண் வாசம் அடித்தது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் வானம் கன்னங்கரேலென்று எழும்பிக்கொண்டிருந்தது. பாதிக் கோபுரத்துக்குள்ளே அந்த வருஷத்து முட்டைகள் அத்தனையும் இருந்தன. வேறெங்கே எடுத்துப் போவது? யார் எடுத்துப் போவது?

முகிலி பனையடிக்குப் போய் எல்லாரையும் கூப்பிட்டாள். மழைக்கு முன்னால் அரசி என்ன சொல்கிறாள் பார்ப்போம் என்று பெரியவர்களும் தாழ்ந்த மட்டைக்கு இறங்கி வந்தார்கள். அவள் கடுவாயனுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நான் சொன்ன ஆணைதான். எல்லாருக்கும். வெட்டு."

கடுவாயன் கிட்டே வந்தான். நாலு சிறகும் ஒன்றின்மேல் ஒன்றாக மடிந்திருந்த அடிப்பகுதியில் கொடுக்கை வைத்தான். அழுத்தினான். பல் பதிந்தது. அதற்குமேல் அவனால் முடியவில்லை. கொடுக்கை எடுத்துவிட்டான்.

"என்னால ஆகாது தாயி. அத்தனை பேருக்கு வெட்டினேன், ஒரு தடவைகூட என் வாயி நடுங்கல. இப்ப நடுங்குது. இனிமே இந்த வாயால ஒரு வாய்ச் சோறுகூட எடுக்க மாட்டேன்."

மட்டையில் இருந்த நெடுஞ்சிறகர் பதறிவிட்டார். "வேண்டாம் தாயி! பறக்கத் தெரியாத அரசிய வச்சுக்கிட்டு ஒரு நாடு என்ன பண்ணும்? ஆபத்துன்னா நீங்க எங்க போவீங்க?"

"எங்கேயும் போக மாட்டேன். அதுக்குத்தான்."

அவள் பாதிச் சுவரின் ஓரமாக முதுகைச் சாய்த்தாள். கடுவாயனின் பல் பதிந்த இடத்தில் நாலு சிறகிலும் மெல்லிய கோடு விழுந்திருந்தது. உடம்பை ஒரு முறுக்கு முறுக்கினாள். கோட்டோடு ஒரு சிறகு முறிந்தது. இன்னொரு முறுக்கு. நாலும் கீழே விழுந்தன. காற்று அவற்றைத் தூக்கிக்கொண்டு போய்ப் பனங்கூட்டத்துக்கு நடுவே சுழற்றியது. ஓடிக்கொண்டிருந்த ஓணான்கூட நின்று பார்த்தது என்பார்கள்.

அரசி நடந்தாள். ஒரு அரசி நடப்பதை அந்த நாடு அதுவரை பார்த்ததில்லை. தள்ளாடித் தள்ளாடி வாசலுக்குப் போனாள். உள்ளே இறங்குவதற்கு முன் மண்ணம்மையிடம் நின்றாள்.

"உன் சிறகைத் திருப்பித் தர எனக்கு வழி தெரியல."

"அது எனக்கும் தெரியும் தாயி" என்றாள் மண்ணம்மை. "உள்ளே போங்க. மண்ணு காயுது."

முகிலி எல்லாவற்றுக்கும் கீழே, ஈரமண் தட்டிய அறைக்குப் போய்ப் படுத்தாள். அங்கிருந்து அவள் குரல் மேலே வந்தது. "வாசலை அடைச்சிருங்க. தண்ணி உள்ளே வந்தா மொதல்ல என்கிட்டதான் வரணும்."

மண்ணம்மை ஒரு உருண்டையை வாயில் எடுத்துச் சுவர்மேல் வைத்தாள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மட்டையில் இருந்தவர்கள் அதைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு நெடுஞ்சிறகர் இறங்கி வந்தார். அரசியின் அறையை அடைக்க வைத்த மண்ணில் இன்னும் ஒரு சின்னத் துளை மிச்சம் இருந்தது. அதில் வாயை வைத்துப் பேசினார்.

"தாயி, என் சிறகை நான் தர்றேன். ஆனா ஒண்ணு கேக்குறேன், தட்டிராதீங்க. நான் மேகத்துக்கு மேல போயிருக்கேன். மேல இருந்து பாத்தா இந்தக் கண்மாய் ஒரு சொட்டுத் தண்ணி. அதைப் பாத்தவன் நான், பாத்தாச்சு, குடுத்துருவேன். இனிமே பொறக்கப்போற புள்ளைக? என்னத்தைக் குடுக்குறோம்னே தெரியாம குடுத்தா அது குடுத்ததா ஆகுமா? ஒரே ஒரு தடவை வானத்தைப் பாக்க விடுங்க."

உள்ளே அரசி புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது.

"ஒரே ஒரு தடவை" என்றது அரசியின் குரல். "மழை விட்ட அன்னிக்கு. அதுக்கப்புறம் அவங்களாவே இறக்கி வச்சிரணும். யாரும் வெட்டக் கூடாது."

"வெட்ட மாட்டாங்க தாயி."

அவர் வெளியே வந்து சுவரில் முதுகைச் சாய்த்தார். அவரைப் பார்த்து மட்டையில் இருந்தவர்கள் இறங்கினார்கள். அரசி செய்த மாதிரியே முறுக்கினார்கள். சிறகுகள் அந்த இடமெல்லாம் சிதறிக் கிடந்தன. அவற்றை மிதித்துக்கொண்டே மண் சுமந்தார்கள். தங்கை வீட்டு விசேஷக்காரியும் சுமந்தாள், இடுப்பு வலிக்காரரும் சுமந்தார். முதல் தூறல் விழுந்தபோது உச்சியில் கடைசி உருண்டை வைத்து அடைத்தார்கள்.

அப்படி ஒரு மழையை அந்தக் கண்மாய் பார்த்ததில்லை. கரை எது, தண்ணீர் எது என்று தெரியவில்லை. அலை வந்து சுவரில் அறைந்தது. உள்ளே எல்லாரும் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். முட்டைகளைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். ஓடிப் போகலாம் என்று நினைக்கக்கூட இப்போது அவர்களிடம் ஒன்றும் இல்லை. கீழறைக்குக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அங்கே ஈரம் கசிந்தால் அரசி கத்துவாள். கத்தவில்லை.

காவல் வாசலில் கடுவாயன் தலையால் துளையை அடைத்துக்கொண்டு நின்றான். சொன்னபடியே அவன் சோறு எடுக்கவில்லை. மயங்கி விழப்போகிற நேரத்தில் யாரோ அவன் வாயில் சோறு வைத்தார்கள். பார்த்தால் மண்ணம்மை. அவன் விழுங்கினான்.

மழை விட்டு வெளுத்தபோது உச்சியில் ஒரு சின்ன வாசல் திறந்தார்கள். நாலு பக்கமும் தண்ணீர். நடுவில் அவர்கள் கட்டியது நின்றது. எச்சிலும் மண்ணும் சேர்ந்த ஒரு பொருள் இப்படி நிற்குமா? கட்டியவர்களே தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஒரு முட்டைகூட நனைந்திருக்கவில்லை. நெடுஞ்சிறகர் குனிந்து அந்த மண்ணைக் கும்பிட்டார். மேகத்துக்கு மேலே போனபோதுகூடத் தனக்கு இப்படி மேல் சிலிர்த்ததில்லை என்றார்.

ஒரு குறை மட்டும் தீரவே இல்லை. மண்ணம்மையின் பிள்ளைகளும் அவள் வம்சமும் இன்றைக்கும் சிறகில்லாமல்தான் பிறக்கிறார்கள். ஆணையால் எடுத்ததை எந்த அரசியாலும் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. கடுவாயனின் வம்சத்துக்கு இன்றைக்கும் அவர்கள்தான் ஊட்டுகிறார்கள். முகிலியின் வம்சத்து அரசிகள் புற்றின் அடியறையை விட்டு வெளியே வருவதே இல்லை.

மற்ற பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு நின்றது. அன்று முதல்தான் மழை விட்ட அந்தியில் ஈசல்கள் புற்றிலிருந்து புகை மாதிரி எழும்பி, ஒரே ஒரு தடவை வானத்தைப் பார்த்துவிட்டு, இறங்கியதும், பிறவியிலேயே தங்கள் சிறகிலும் விழுந்திருக்கிற அரசியின் அந்தக் கோட்டோடு சிறகை முறித்துப் போட்டுவிட்டு மண்ணுக்குள் நடந்து போகின்றன. விடிந்ததும் நம் வீட்டு வாசலில் விளக்குமாற்றால் கூட்டி அள்ளுகிறோமே, அந்தச் சிறகுகளில் ஒன்றைக்கூட யாரும் வெட்டியதில்லை.